சென்னைத் தபால் மாளிகையில் மலையாளக் கூரை

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வந்து இப்பகுதியில் குடியேறிய நம்மவர் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு. இங்கே பள்ளியில் அவர்களைப் ‘பாண்டி’ என்பர். விடுமுறைக்கு ஊர் சென்றாலோ ‘மலையாளத்துப் பிள்ளை’ என்பர். அவர்களுக்குச் சொல்லத்தக்க கதையொன்று சென்னையில் கட்டடமாகவே நிற்கின்றது.

சென்னைப் பெரிய தபாலாபீசு 1786ஆம் ஆண்டு கோட்டையில் தொடங்கி, பின்னர் இடம் மாறி, 1884 ஏப்ரலில் இப்போதைய மாளிகையில் குடிபுகுந்தது. ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ளது. நீளம் 352 அடி, அகலம் 162 அடி. இரட்டைக் கோபுரங்களின் உயரம் 125 அடி. செங்கல்லால் ஆகிய அதன் முகப்பைக் காண்போர், கடிதம் பிரிக்கும் இடமென்று சொன்னால் நம்பார்!

இதனை வகுத்தவர் ராபர்ட் சிஷோல்ம் என்னும் ஆங்கிலேயர். திருவனந்தபுரத்தில் 1880இல் நிறைவெய்திய நேப்பியர் காட்சிசாலையும் அவர் கைவண்ணமே. அங்கே மலையாள நாட்டுக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் உள்ள சரிந்த கூரையையும் முக்கோண முகப்பையும் அவர் எடுத்தாண்டார். இடவப்பாதி மழையில் நனைந்தவர்க்கு அக்கூரையின் அருமை தெரியும். எவ்வளவு கொட்டினாலும் நீர் ஒரு கணமும் தங்காது வழிந்துவிடும். முகப்பிலுள்ள மர அழிகளின் வழியே உள்வெப்பம் மேலேறி வெளியேறும்.

இம்மலையாளப் பாணியையே சிஷோல்ம் சென்னைத் தபால் மாளிகைக்கும் கொண்டு சென்றார். கோபுரங்களின் தலையில் திருவிதாங்கூர்க் கூரையைக் குல்லாய்போல் கவித்தார். ஐப்பசி, கார்த்திகையில் மட்டுமே பெருமழை காணும் சென்னைக்கு இத்துணைச் சரிவு எதற்கு என்று கேட்கலாம். அழகுக்கே என்பது என் துணிபு.

இத்தகைய கட்டடங்களை ‘இந்தோ சாரசெனிக்’ என்று வகைப்படுத்துவர். வளைவுகளைக் கண்டு இட்ட பெயர் அது. அப்பெயரில் மலையாளத் தச்சனுக்குப் பங்கில்லை. கட்டடத்திலோ அவன் பங்கு உச்சியிலேயே இருந்தது.

2000ஆம் ஆண்டில் தீப்பற்றி மாளிகையின் ஒரு பகுதி பெருஞ்சேதமுற்றது. ஆயினும் அதனை இடித்துத் தள்ளவில்லை. சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களுள் ஒன்றாக அது இன்றும் நிற்கின்றது.

அடுத்த முறை சென்னை செல்வோர், பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அதனைக் காட்டுக. அங்கிருந்தே நம் காலனி முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடச் செய்க.