எட்டாத உயரத்துக்கு ஒரு சுருள்

பதுளையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போனால், கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணம் வரும். இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1990இல் தொடங்கிய இந்த நிலையம் மிகத் தாழ்ந்த மீடிறனில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. உலகத்து அவதானிப்பாளர்கள் நன்கறிந்த அதன் மீடிறன் 18.2 கிலோஹேர்ட்ஸ். கடல்நீருக்குள் பத்து, இருபது மீற்றர் இறங்கிவிடும் அலைக்கு மலையெல்லாம் ஒரு பொருட்டா? நமுனுகுலை மலைக்குப் பின்னால், கைப்பேசியில் ஒரு கோடுகூடக் காட்டாத லயத்து அறைக்குள்ளும் அது நுழைந்துதான் போகிறது.

அந்த அலை பிறக்க வேண்டுமானால், அலைபரப்பிக்கும் அன்டெனாவுக்கும் நடுவே ஒரு பெரிய கம்பிச் சுருள் இருந்தாக வேண்டும். தொழிலில் அதை லோடிங் கொயில் என்பார்கள். 18.2 கிலோஹேர்ட்ஸில் அலைநீளம் 16 கிலோமீற்றருக்கும் மேல். அன்டெனா ஒழுங்காக வேலைசெய்ய அதில் காற்பங்கு, அதாவது நான்கு கிலோமீற்றர் உயரம் வேண்டும். நம்முடைய பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். விஜயநாராயணத்தில் நிற்பவை 400 மீற்றருக்கும் மேற்பட்ட கம்பங்கள். இந்தியாவிலேயே மிக உயரமான கட்டுமானங்களில் அவையும் சேர்த்தி. இருந்தும் அலையின் கணக்குக்கு அவை குட்டை. குட்டையான அன்டெனா ஒரு கொள்ளளவிபோல நடந்துகொண்டு மின்னோட்டத்தை உள்ளே விடாது. சுருளின் தூண்டுதிறன் அதற்கு எதிராக நின்று ஈடுகட்டினால்தான் ஓட்டம் ஏறும்.

லோடிங் கொயில் என்ற பெயர் தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. 1887இல் லண்டனில் ஒலிவர் ஹெவிசைட் என்பவர், கம்பியில் தூண்டுதிறனைக் கூட்டினால் பேச்சு சிதையாமல் போகும் என்று எழுதினார். தந்தி ஊழியராக இருந்தவர், பல்கலைக்கழகப் படியேறாதவர். பிரித்தானியத் தபால் துறையின் மின்பொறியியலாளர் பிரீஸ் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் கேம்பலும் பூப்பினும் அந்தக் கருத்தைச் சுருளாக்கித் தொலைபேசிப் பாதையில் இடைவெளிவிட்டுக் கோத்தார்கள். 1900இல் காப்புரிமை பூப்பினுக்குப் போனது, பணமும் அவருக்குத்தான். அன்டெனாவில் இந்தச் சுருள் செய்யும் வேலை வேறு என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்டெனாச் சுருள் வந்து நின்ற இடங்களில் ஒன்றை நம் தோட்டத்து மக்கள் பார்த்திருந்தால் சொந்த ஊர் என்றே நினைத்திருப்பார்கள். ஜாவா தீவில், பாண்டுங் நகருக்குத் தெற்கே, தேயிலை மலைகளின் நடுவே உள்ள ஒரு மலைக்குப் பெயர் மலபார். அதன் பக்கத்துத் தோட்டத்தை நடத்தியவர் போஷா என்ற டச்சுத் துரை. அந்த மலையிடுக்கில் 1923 மே மாதம் டச்சுக்காரர்கள் ஒரு வானொலி நிலையத்தைத் திறந்தார்கள். ஒல்லாந்தோடு நேராகப் பேசுவதுதான் நோக்கம். கோபுரம் கட்டி மாளாது என்று கண்டவர்கள் மலையையே கோபுரமாக்கினார்கள்: ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்கு, பள்ளத்தாக்கின் குறுக்கே, கம்பிவடங்களை இழுத்துக் கட்டினார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முந்தைய வருடமே இன்னொரு தேயிலை மலையிலிருந்து இத்தனை நீண்ட அலை கண்டம் தாண்டிவிட்டது. இந்தோனேசிய விடுதலைப் போரின்போது நிலையம் அழிந்தது. அத்திவாரங்கள் மட்டும் இப்போதும் கிடக்கின்றன.

அதே 1923இல் கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர், மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசையைக் காற்றில் விட்டார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்த அலைபரப்பியைச் செய்ததாகச் சொல்வார்கள். ஒல்லாந்துக்காரர் ஒரு பள்ளத்தாக்கையே வளைத்துப் போட்ட வருடத்தில், நம்முடைய ஒலிபரப்பு கழற்றிய சாமானில் தொடங்கியது. இரண்டில் எனக்குப் பிடித்தது நம்முடையதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கால்பே என்ற ஊருக்கு அருகே கோலியாத் என்ற மிகத் தாழ்ந்த மீடிறன் நிலையத்தை நிறுவினார்கள். 1943இல் இயங்கத் தொடங்கியது. வலு ஆயிரம் கிலோவாட். இந்து சமுத்திரம்வரை திரிந்த தங்கள் நீர்மூழ்கிகளுக்கு அதன் வழியாகவே கட்டளை அனுப்பினார்கள். போர் முடிந்ததும் சோவியத் படை அதைக் கழற்றி ரயிலேற்றி, பிறகு வொல்கா நதிப் பக்கத்தில் மறுபடி நிறுத்தியது.

இப்படிப் படையும் அரசும் வைத்திருந்த சுருளை வாளிக்கு இறக்கியவர்கள் வானொலிப் பொழுதுபோக்காளர்கள். அப்போதைய சர்வதேச ஒதுக்கீட்டுப் பட்டியல் 9 கிலோஹேர்ட்ஸில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே எவருக்கும் எழுதிவைக்காத இடம். 2010இல் ஜெர்மன் பொழுதுபோக்காளர் ஒருவர் பட்டத்தில் கம்பியைக் கட்டி வானேற்றி, அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே 8.97 கிலோஹேர்ட்ஸில் அலைபரப்பினார். அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘கனவுகாண்போர் அலைவரிசை’. பிறகு இடி மின்னலைக் கண்காணிக்கும் வானிலைக் கருவிகளுக்கு 8.3 முதல் 11.3 கிலோஹேர்ட்ஸ்வரை ஒதுக்கிக் கொடுத்தது 2012ஆம் ஆண்டின் சர்வதேச வானொலி மாநாடு. கனவுகாரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு 8.27க்கு இறங்கினார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலானால் இடி விழும் ஊவாவில் இருப்பவர்கள் அந்த ஒதுக்கீட்டைக் குறைசொல்ல முடியாது.

8.27இல் காற்பங்கு அலைநீளம் 9 கிலோமீற்றர். எவரெஸ்டை விட உயரம். 100 மீற்றர் செங்குத்துக் கம்பி ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவம் சுமார் 600 பிக்கோபரட். அதற்கு ஈடுகட்ட 0.6 ஹென்றிச் சுருள் வேண்டும். 30 சென்ரிமீற்றர் குறுக்களவு வாளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அரை மில்லிமீற்றர் எனாமல் கம்பியால் ஒற்றை அடுக்காகச் சுற்றினால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று. கம்பி மட்டும் நான்கு கிலோமீற்றர், செம்பு ஏழு கிலோ. தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டர் எரிந்தால் கொண்டுபோகும் வைண்டிங் கடையில் அதே கம்பி நிறுத்துத்தான் விற்பனை. சுற்றெண்ணும் கைப்பிடி இயந்திரமும் அங்கேயே இருக்கும்.

கைத்திறன் கேட்பது அடுக்கும் முறை. ஒரு ஆம்பியர் ஓட்டினால் அன்டெனா முனையில் சுமார் 32,000 வோல்ட் எழும். தோட்டங்களுக்கு மேலாக ஓடும் மின்சார சபையின் 33,000 வோல்ட் கம்பிக்குச் சமமான சங்கதி இது. நூல் பந்துபோல மேலும் கீழுமாய்ச் சுற்றினால் சுருளின் தொடக்கமும் முடிவும் அருகருகே வந்து பொறி பறக்கும், எனாமல் கருகும். அதனால் பக்கம் பக்கமாகப் பல பிரிவுகளாய்ச் சுற்றி, வோல்டைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். கீழ்முனை அலைபரப்பிக்கு, மேல்முனை அன்டெனாவுக்கு. மேல்முனையில் கூர் எதுவும் துருத்தி நிற்கக்கூடாது. ஈயம் பற்றவைத்த இடத்தில் சிறு முள் இருந்தாலும் இருட்டில் ஊதாவாய் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வாளி பொலிதீன் வகைப் பிளாஸ்ரிக்காக இருப்பது நல்லது. மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அது சக்தியை அதிகம் குடிக்காது. கரி கலந்த கறுப்பு வாளி ஆகாது. ஹப்புத்தளைப் பக்கத்துப் பனிமூட்டத்தில் வைப்பதென்றால் வார்னிஷ் பூசிக் காயவைத்து மூட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? செம்பின் தடை மட்டும் 350 ஓம். அன்டெனா உண்மையில் அலையாக்கும் பங்கு ஒரு ஓமின் ஆயிரத்தில் மூன்று. ஓர் ஆம்பியர் ஓட்டத்தில் 350 வாட் சுருளில் சூடாகிப் போக, மூன்று மில்லிவாட் வானத்துக்கு. பாறை மண்ணில் பூமித்தொடுப்பு சரியில்லாவிட்டால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே சில எழுத்துகளை மணிக்கணக்கில் அனுப்பி, செய்மதியைப் பார்த்து நேரம் ஒத்தவைத்த கணினியால் இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கியெடுக்கிறார்கள். அந்தப் பொறுக்குதலால்தான் மில்லிவாட் கணக்கிலான அலையும் அத்திலாந்திக் தாண்டிக் கேட்டிருக்கிறது.

ஊவாவில் யாரேனும் இதைச் செய்வதானால் நான் பட்டத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆடி மாதக் கச்சான் காற்றில் பட்டம் ஏறும். ஏறி ஆடவும் ஆடும். ஆடினால் கொள்ளளவம் மாறிச் சுருள் இசைவு குலையும், உள்ளே ஒரு சின்னச் சுருளைத் தள்ளித் தள்ளித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மலபார்க்காரர்களின் வழிதான் இந்த நிலத்துக்கு ஏற்றது. கொழுந்து மூட்டையை மலையிலிருந்து கம்பிவடத்தில் தொழிற்சாலைக்கு இறக்கிய தோட்டங்கள் இவை. பள்ளத்தின் குறுக்கே கம்பி கட்டுவது இங்கே புதிய வித்தை அல்ல. எல்லயில் இப்போது சுற்றுலாப் பயணிகளே கம்பியில் தொங்கிப் போகிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி மட்டும் முதலில் வேண்டும். 33,000 வோல்ட் கம்பி பக்கத்தில் ஓடும் பள்ளத்தைத் தொடவே கூடாது.

விஜயநாராயணத்தைக் கேட்பதற்கோ அலைபரப்பி வேண்டாம். ஒரு மீற்றர் மரச்சட்டத்தில் நூறு சுற்றுக் கம்பி, கணினியின் ஒலி நுழைவாய், வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் மென்பொருள் போதும். 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் விண்வெளி இயற்பியல் மையம் இந்த 18.2ஐக் கேட்டுத்தான் அயனமண்டலத்தின் மாற்றத்தை அளந்தது. பதுளையில் ஒரு பாடசாலை தினமும் விடியலிலும் அந்தியிலும் அதன் வலு ஏறி இறங்குவதைப் பதிந்து வைக்கலாம். சட்டத்தின் விளிம்பு மேற்குக்கும் வடமேற்குக்கும் நடுவே பார்த்தபடி நிற்க வேண்டும். முகத்தைக் காட்டி நிறுத்தினால் விஜயநாராயணம் கேட்காது.