சேலம் – சென்னை வான்தொலைவு

சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 266 கிலோமீட்டர்; விமானிகள் கணக்கில் 144 கடல் மைல். சேலத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதை 334 கிலோமீட்டர். ஏற்காட்டுக்கும் சேர்வராயன் மலை ஊர்களுக்கும் உரிய விமான நிலையம் காமலாபுரமே.

இந்தக் கோட்டின் இரு முனைகளும் நில அளவை வரலாற்றில் இடம்பெற்ற பகுதிகள். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில், இன்றைய மீனம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலை அருகே, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் இரும்பு நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி காட்டும் அளவுக்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். ஒரே கோட்டை அளக்க 57 நாள் பிடித்தது. அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. அரை டன் எடையுள்ள கோணமானியைக் கூலியாட்களைக் கொண்டு குன்றுகளின் மேல் ஏற்றி, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக மேற்கே நகர்ந்தார்கள். சமவெளியான தஞ்சைப் பகுதியில் குன்றுக்குப் பதில் கோயில் கோபுரங்கள் உதவின. தெற்கு வடக்காக அவர் அளந்த பெருவளைவு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது; காமலாபுரம் அந்த ரேகைக்குக் கிழக்கே 7 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. இன்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு நொடியில் கிடைக்கும் தொலைவை அளக்க அன்று அந்தக் கூலியாட்களின் தோள்கள் தேவைப்பட்டன.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு இத்தொலைவு 32 நிமிடம். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்கிறது. ஓடுபாதைவரை ஊர்வது, உயரம் ஏறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். நேர்கோடு சேர்வராயன் மலையின் வடபகுதியைக் கடக்கிறது; விமானம் அக்கோட்டிலேயே செல்வதில்லை. வந்தே பாரத் ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம்.

நிலையம் திறந்தது 1993. கிங்ஃபிஷர் விமானச் சேவை 2009இல் வந்து 2011இல் நின்றது. ட்ரூஜெட் 2018 மார்ச் 25 முதல் வட்டார விமானச் சேவைக்கான உடான் திட்டத்தில் பறந்து 2021இல் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் இண்டிகோ சென்னைச் சேவையைத் தொடங்கியது. ஓடுபாதை 1,806 மீட்டர்தான்.

காமலாபுரத்துக்கு நேர் கிழக்கே 15 கிலோமீட்டரில் ஏற்காடு. சேலம் வழியாகச் சாலையில் போனால் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20.