மணமில்லாத வாயு

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் ஹைட்ரஜனை ‘இத்ரோஜேன்’ என்போம். பிரெஞ்சில் முதல் எழுத்து ஒலிக்காது. ‘தண்ணீரை உண்டாக்குவது’ என்று பொருள். 1766-இல் இதைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்த ஆங்கிலேயர் ஹென்றி கேவண்டிஷ் ‘எரியும் காற்று’ என்று அழைத்தார். 1787-இல் லவுவாசியேயும் அவர் நண்பர்களும் வேதியியல் பெயர்களைத் திருத்தி எழுதியபோது இன்றைய பெயர் நிலைத்தது.

இரண்டு பெயரும் உண்மைதான். எரியும்; எரிந்தால் தண்ணீராகும். ஆனால் நிறம் இல்லை, மணம் இல்லை. கசிந்தால் நம் கண்ணும் மூக்கும் சொல்லாது. இந்த ஒரு குணத்தால் எத்தனை உயிர் போயிற்று என்பதுதான் இதன் சரித்திரம்.

பாரீசில் ஜாக் ஷார்ல் என்பவர் இரும்புத் தூளில் கந்தக அமிலம் ஊற்றி இந்த வாயுவைத் தயாரித்தார். பட்டுத்துணிக்கு ரப்பர் பூசி, அதில் அடைத்து, 1783 ஆகஸ்ட் 27 அன்று ஆளில்லாத பலூனை விட்டார். அது கோனெஸ் கிராமத்தில் விழ, ஜனங்கள் ஏதோ பூதம் என்று பயந்து குத்திக் கிழித்தார்கள். டிசம்பர் 1 அன்று ஷார்லே ஒரு துணையுடன் ஏறிப் பறந்து பத்திரமாக இறங்கினார்.

அந்த வெற்றிக்குப் பிறகு துணிச்சல் கூடிவிட்டது. பிலாத்ர் தெ ரோசியே, மேலே ஹைட்ரஜன் பலூன், கீழே நெருப்பு மூட்டிய வெப்பக்காற்றுப் பலூன் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டி இங்கிலாந்துக்குக் கடல் தாண்டப் புறப்பட்டார். 1785 ஜூன் 15 அன்று அவரும் துணைவரும் விழுந்து மாண்டார்கள். வான்பயணத்தின் முதல் பலி அவர்களே. 1819-இல் சோஃபி பிளான்ஷார் என்ற அம்மையார் ஹைட்ரஜன் பலூனில் இருந்தபடியே வாணவேடிக்கை காட்டினார். பொறி பட்டு பலூன் பற்றிக்கொண்டது. கீழே நின்றவர்கள் அதுவும் வேடிக்கை என்றே நினைத்தார்களாம். அம்மையார் ஒரு வீட்டுக் கூரையில் விழுந்து இறந்தார்.

1937 மே 6 அன்று ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் வான்கப்பல் அமெரிக்காவில் இறங்கும்போது எரிந்தது. 36 பேர் மாண்டார்கள். கசிந்த ஹைட்ரஜனில் மின்பொறி பட்டிருக்கும் என்பதே விசாரணையில் வலுவாகச் சொல்லப்பட்ட காரணம்.

அதோடு பயணிகளை ஏற்றும் வேலையிலிருந்து இந்த வாயு விலகியது. தொழிற்சாலையை விட்டு விலகவில்லை. நாம் சாப்பிட்ட டால்டா, எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்து உறையவைத்ததுதான். அந்த வித்தைக்கு அடிப்படை போட்ட பிரெஞ்சுக்காரர் போல் சபாத்தியே 1912-இல் நோபல் பரிசு பெற்றார். வயலுக்குப் போடும் யூரியாவுக்கு அமோனியா வேண்டும்; அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். பெரிய அனல்மின் நிலையங்களில் ஜெனரேட்டரைக் குளிரவைப்பதும் இதுவே.

காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். உடையில் உண்டாகும் சிறு மின்பொறியே போதும். சமையல் கேஸில் நாற்றத்துக்காக ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். ஆலைகளில் ஓடும் ஹைட்ரஜனில் வழக்கமாக அப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். கூரையின் உச்சியில் உணர்கருவி பொருத்துவார்கள். 4 பங்கை எட்டுவதற்கு வெகு முன்பே மணி அடிக்கும். எரியும்போதும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் ஆட்கள் துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டே நடப்பார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ!

இதெல்லாம் ஆலை சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு இன்வெர்ட்டரில் தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் ஹைட்ரஜனை வெளியே விடுகிறது. அழகுக்காக அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். பக்கத்தில் விளக்கு ஏற்றாதீர்கள். சமையல் கேஸ் தரையோடு தங்கும். இது காற்றைவிட 14 மடங்கு லேசானது, மேலே போய்ச் சேரும். ஆகவே பேட்டரி இருக்கும் இடத்தில் உயரத்தில் காற்றுப் போக வழி இருக்கட்டும்.