ஆர்.ஓ. மெஷினுக்குள் பம்ப் வந்த கதை



அமெரிக்க வீடுகளில் சிங்குக்கு அடியில் வைக்கும் ஆர்.ஓ.வில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ.வில் பம்ப் இல்லாமல் பார்ப்பது அரிது. ஒரே தத்துவத்தில் வேலை செய்யும் மெஷின் இங்கே வந்ததும் ஏன் கூடவே ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டது?

இங்கே அகமதாபாத்தில் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் மாற்றல், பிள்ளைகள் படிப்பு, அடுத்து தண்ணீர் என்றுதான் பேச்சு போகும். "சார், தண்ணி சொட்டுச் சொட்டா வருது, மெக்கானிக் பெரிய பம்ப் போடணும்ங்கறார், போடலாமா?" என்பது அடிக்கடி காதில் விழும் கேள்வி. நான் படித்தது பி.காம். பொறியியல் என் துறை இல்லை. ஆனால் வங்கியில் கடன் விண்ணப்பம் வந்தால் முதலில் பழைய கணக்கைப் புரட்டுவோம் இல்லையா? பம்ப் விஷயத்திலும் அதையே செய்வோம்.

கணக்கு 1748-இல் தொடங்குகிறது. பிரான்சில் நோலே என்ற பாதிரியார் சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சவ்வால் இறுகக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். வெளியே இருந்த தண்ணீர் தானாக உள்ளே புகுந்து சவ்வு உப்பியது. இப்படித் தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தை 1877-இல் ஃபெஃபர் அளந்தார். 1887-இல் வான்ட் ஹாஃப் அதற்கு விதி கண்டார். (1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வாங்கியவர் இவர்தான்.)

நல்ல தண்ணீர் தானாக உப்புத் தண்ணீர் பக்கம் போகும். அதைத் திருப்பி வரவழைக்க வேண்டுமானால் அந்த அழுத்தத்தைவிடக் கூடுதலாக எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். ஆர்.ஓ. என்பதன் சாரம் அவ்வளவுதான். தோராயமான கணக்கு: டி.டி.எஸ். 100 என்றால் 1 பி.எஸ்.ஐ. போர்வெல் தண்ணீர் 1500 என்றால் 15 பி.எஸ்.ஐ. வரை கொடுத்தாலும் ஒரு சொட்டு வராது. அதற்கு மேலே கொடுப்பதுதான் வரவு.

1950களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ரீட், பிரெட்டன் இருவரும் செல்லுலோஸ் அசிடேட் தாள் உப்பைத் தடுப்பதைக் கண்டார்கள். ஆனால் தண்ணீர் கசிந்ததோ மிகக் கொஞ்சம். 1959-60-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் மேலே மெல்லிய தோல், கீழே துளைகள் நிறைந்த பஞ்சு என ஒரு மெம்பரேன் செய்தார்கள். தண்ணீர் பல மடங்கு கூடுதலாக வந்தது. சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்! 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்த வகை மெம்பரேனால் ஊருக்குக் குடிநீர் கிடைத்தது. அப்போது தேவைப்பட்ட அழுத்தம் பல நூறு பி.எஸ்.ஐ. அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா?

முடிய வைத்தவர் ஜான் கேடாட். 1970களின் பின்பாதியில் அவர் உருவாக்கிய பாலிஅமைடு மெம்பரேனின் தோல் இன்னும் மெல்லியது. இன்று கடையில் விற்கும் 75 ஜி.பி.டி. வீட்டு மெம்பரேன்களை 50, 60 பி.எஸ்.ஐ.யில்தான் சோதிக்கிறார்கள். அமெரிக்க நகரக் குழாயிலேயே அநேகமாக அந்த அழுத்தம் இருக்கும். அதனால் அங்கே பம்ப் தேவைப்படவில்லை.

நமக்கு? தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற வாழ்க்கை. பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் 14 பி.எஸ்.ஐ. கடைசி மாடியில் இருப்பவருக்குத் தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் நாலே நாலு பி.எஸ்.ஐ. 1984-இல் வந்த அக்வாகார்ட் போன்ற புற ஊதாக்கதிர் மெஷின்களுக்கு இது பிரச்னை இல்லை. தண்ணீர் ஓடினால் போதும். நிலத்தடி நீர் உப்பாகி, 1990களின் கடைசியிலிருந்து ஆர்.ஓ. வீடுகளுக்குள் நுழைந்தபோது, 24 வோல்ட்டில் ஓடும் சின்ன டயாஃப்ரம் பம்பும் சேர்ந்தே வந்தது. நகராட்சிக் குழாயில் இல்லாத அழுத்தத்தை நாம் வீட்டுக்கு வீடு தனித்தனியாக வாங்குகிறோம்!

(பெரிய அளவிலும் இதே கதைதான். 2010-இல் மீஞ்சூர், 2013-இல் நெம்மேலி என்று சென்னைக்குக் கடல்நீர் ஆலைகள் வந்தன. கடல்நீரின் டி.டி.எஸ். சுமார் 35,000. பம்ப் எவ்வளவு தள்ள வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.)

சரி, இப்போது வாங்குகிற கணக்கு.

ஒன்று: பம்பில் எழுதியிருக்கும் 75 என்பது அது தள்ளும் அளவு அல்ல, எந்த மெம்பரேனுக்குப் பொருந்தும் என்பது. 75 காலன் என்றால் நாளுக்கு 284 லிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி நல்ல தண்ணீர். கழிவுக் குழாயில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் 450 மில்லி என்றால், பம்ப் 650 மில்லியைத் தள்ள வேண்டும். அதுவும் 60, 80 பி.எஸ்.ஐ.யில். அழுத்தமே இல்லாதபோது எவ்வளவு கொட்டுகிறது என்ற விளம்பரக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

இரண்டு: மெம்பரேன், ரெஸ்ட்ரிக்டர், பம்ப் மூன்றும் ஜோடிப் பொருத்தம். பம்பை மட்டும் பெரிதாக்கினால் அழுத்தம் ஏறி இணைப்புகள் கசியும். அடாப்டரின் ஆம்பியரும் பம்புக்குப் போதவேண்டும்.

மூன்று: பம்பைக் குற்றம் சொல்லும் முன் வடிகட்டி அடைத்திருக்கிறதா, மெம்பரேனில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலமா என்றும் பாருங்கள். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வரத்து சுமார் 3 சதவீதம் குறையும். மெம்பரேன் சோதனை 25 டிகிரியில். ஜனவரியில் தண்ணீர் 15 டிகிரி ஆனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தில்லி நண்பர்கள் டிசம்பரில் பம்ப் மாற்றும் செலவை மார்ச் வரை தள்ளிப்போடலாம்.

நான்கு: தொட்டி காலியானால் பம்பை நிறுத்தும் லோ பிரஷர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். உயரமான கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு அழுத்தம் ஏற்கெனவே அதிகம். அவர்கள் முதலில் அதை அளக்க வேண்டும்.

கடைசியாகச் செலவுப் பக்கம். மேலே சொன்ன கணக்கில் 20 லிட்டர் பிடிக்க 45 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. மாதம் 1,350 லிட்டர். நாற்பது வீடுள்ள சொசைட்டியில் 54,000 லிட்டர். அதாவது ஐந்துக்கும் மேற்பட்ட பத்தாயிரம் லிட்டர் டேங்கர்! காசு கொடுத்து டேங்கர் வரவழைக்கும் சொசைட்டிகளிலும் இப்படித்தான் போகிறது. டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது இதனால்தான். இந்தியக் குடிநீர்த் தரமும் ஏற்கத்தக்க அளவு 500 என்றே சொல்கிறது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பம்ப் இல்லை, சில நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டர். அது உப்பை மட்டும்தான் காட்டும். கிருமி, ஃபுளோரைடு, நைட்ரேட் தெரிய ஒருமுறை பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். கால்வாய்த் தண்ணீர் வரும் பல வீடுகளில் போர்வெல் காலத்துப் பழக்கத்தால் ஆர்.ஓ. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு சோதனையும் நன்றாக வந்தால், கிருமிக்கு ஒரு புற ஊதாக்கதிர் மெஷின் போதும். எந்த பம்ப் என்ற கேள்வியே எழாது. மீட்டர் 1500 காட்டினால் தயங்காமல் நல்ல பம்பாக வாங்குங்கள். கழிவுத் தண்ணீரை மட்டும் ஒரு பக்கெட்டில் பிடித்து வையுங்கள், தரை துடைக்க ஆகும்.

அன்புடன்,
உங்கள் வங்கிக்காரன்