1890: ஆட்டக்காரர் நடத்திய ஆட்டம்

1889ஆம் ஆண்டு ஜனவரியிற் கொழும்பில் வந்திறங்கிய அமெரிக்க ஆட்டக்காரர் சிலர், கிரிக்கெட் மோகங் கொண்டிருந்த அந்நகரிலே பேஸ்போல் என்னுந் தம் நாட்டு விளையாட்டை ஆடிக் காட்டிவிட்டுச் சூயஸ் நோக்கிச் சென்றனர். அவர்களை உலகஞ் சுற்ற அழைத்து வந்தவர் அல்பேர்ட் ஸ்போல்டிங். சிக்காகோ கழகத்தின் தலைவரான அவர், பந்தும் மட்டையும் விற்கும் வணிகருமாவார். பயணத்தின் நோக்கத்தை ஊகிப்பது கடினமன்று. அக்கூட்டத்தில் ஜோன் மொன்ற்கொமரி வோர்ட் என்பவரும் இருந்தார். கொலம்பியாவிற் சட்டம் பயின்றவர். 1885இல் நியூயோர்க்கில் ஆட்டக்காரரின் சகோதரத்துவச் சங்கத்தை அமைத்தவர்.

அச்சங்கம் ஏன் தோன்றியது? 1876இல் உருவான நஷனல் லீக்கின் முதலாளிகள், 1879இல் தமக்குள் இரகசிய உடன்படிக்கையொன்று செய்தனர். கழகத்துக்கு ஐந்து ஆட்டக்காரரை ஒதுக்கிக்கொள்வது. அவர்களைப் பிற கழகம் எதுவும் சேர்த்துக்கொள்ளாது. பின்னர் இவ்விதி ஏறத்தாழ அணி முழுவதற்கும் விரிந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் விடுதலை பெறான். ஆனால் முதலாளி அவனை விற்கலாம். 1887இல் மைக் கெலியைச் சிக்காகோ 10,000 டொலருக்குப் பொஸ்டனுக்கு விற்றது. ஆட்டக்காரன் உடைமைப் பொருளா என்று அதே ஆண்டில் வோர்ட் எழுதிக் கேட்டார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் பழைய சட்டத்தோடு ஒதுக்கீட்டு விதியை ஒப்பிட்டார்.

வோர்ட் கடலிற் சென்றுகொண்டிருந்த 1888 நவம்பரிலே, தாயகத்தில் முதலாளிகள் ஆட்டக்காரரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துச் சம்பளத்தை 1,500 முதல் 2,500 டொலர்வரை வரையறுத்தனர். திறமையோடு ‘நடத்தை’யும் வகுப்பைத் தீர்மானிக்குமாம்! பேச்சுவார்த்தைக்கான கோரிக்கையும் ஒத்திப்போடப்பட்டது.

வேலைநிறுத்தமன்று, தனி லீக்கே சங்கத்தின் விடையாயிற்று. 1890இல் எட்டு நகரங்களில் ஆட்டக்காரர் லீக் எழுந்தது. ஒதுக்கீட்டு விதி இல்லை. இலாபத்திற் பங்கு உண்டு. ஆட்சிக் குழுவில் ஆட்டக்காரரும் பணமிட்டோரும் அருகருகே அமர்ந்தனர். வோர்ட்டைத் தடுக்கக் கோரிய வழக்கை நியூயோர்க் நீதிமன்றம் ஜனவரியில் ஏற்க மறுத்தது. ஆத்திரங்கொண்ட நஷனல் லீக், புதிய லீக் ஆடும் நகரங்களில் அதே நாட்களிற் போட்டி வைத்தது. ஸ்போல்டிங் கெலியிடம் 10,000 டொலர் காசோலையையும், சம்பளத்தை அவரே நிரப்பிக்கொள்ளும் மூவாண்டு ஒப்பந்தத்தையும் நீட்டினார். சற்று உலாவி வந்த கெலி, தோழர்களைக் கைவிட முடியாதென்றார். பின் 500 டொலர் கடன் கேட்டாராம். இதைச் சொன்னவர் ஸ்போல்டிங்கே. எதிரியின் வாக்குமூலம் என்பதால் நம்பத் தோன்றுகிறது.

கெலியின் பொஸ்டன் அணியே முதலிடம் பெற்றது. இரு தரப்பும் கூட்டத்தைப் பெருக்கிச் சொன்னபோதிலும், ஆட்டக்காரர் லீக்கிற்கே அதிகம் பேர் வந்தனர். நட்டமோ இரு தரப்புக்கும். தன் நட்டத்தை மறைத்து வெற்றியாளர் தோரணையிற் பேசிய ஸ்போல்டிங்கின் முன், பணமிட்டோர் கலங்கினர். கிளீவ்லாந்தின் ஜோன்சன் ட்ராம் வண்டி உரிமையாளர். மைதானத்துக்குக் கூட்டம் போனால் வண்டியும் நிறையும். இத்தகையோர் கூட்டாளிகளே அன்றித் தோழரல்லர். இலையுதிர்காலப் பேச்சில் வோர்ட் முதலிய ஆட்டக்காரப் பிரதிநிதிகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. பணமிட்டோர் ஒவ்வொருவராகத் தம் விலையைப் பேசி விலகினர். அடுத்த பருவம் தொடங்குமுன் லீக் மறைந்தது.

இன்னொன்றையுஞ் சொல்ல வேண்டும். 1884இல் டொலீடோ அணிக்காக மோசஸ் பிளீற்வூட் வோக்கர் என்ற கறுப்பர் ஆடியிருந்தார். 1887இல் இன்ரநஷனல் லீக் கறுப்பரோடு புதிய ஒப்பந்தம் செய்வதில்லையெனத் தீர்மானித்தது; விரைவிலேயே கதவு எங்கும் சாத்தப்பட்டது. அடிமைத்தனத்தை உவமையாக்கிய சகோதரத்துவம், உண்மையான அடிமைகளின் மைந்தருக்குத் தன் லீக்கிலும் இடமளிக்கவில்லை. முதலாளியை எதிர்த்தவர்கள் முதலாளியின் நிறக்கோட்டைக் கடக்கவில்லை. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

1891இன் பின்னர் போட்டி லீக்குகள் ஒழியச் சம்பளங்கள் மீண்டும் வெட்டப்பட்டன. கெலி 1894இல் 36 வயதிலே இறந்தார். வோர்ட் வழக்கறிஞரானார். ஒதுக்கீட்டு விதி 1975 டிசம்பரில் நடுவர் ஒருவரின் தீர்ப்பால் முறியும்வரை நிலைத்தது.