கால்களுக்கு வரி போடலாமா?

வரி என்று ஆரம்பித்தாலே பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் பேசப்போவது போட்ட வரியைப் பற்றி அல்ல, போடாமல் விட்ட வரியைப் பற்றி. நடக்க முடியாத ஒருவர் வண்டி வாங்கினால், அதிலும் அரசாங்கம் தன் பங்கைக் கேட்கலாமா? சின்னக் கேள்விதான். இதற்கு உருப்படியாக ஒரு பதில் சொல்ல பிரிட்டனுக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் பிடித்தது.

1940களின் பிற்பகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது. போன பிள்ளைகளில் பலர் திரும்பி வந்தார்கள். முழுசாகத்தான் வரவில்லை. காலில்லாமல், முதுகெலும்பு முறிந்து, தள்ளுவண்டியில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பெர்ட் கிரீவ்ஸ் என்று ஓர் எஞ்சினீயர். அவருடைய உறவினர் டெரி பிரெஸ்டன்-காப் நடக்க இயலாதவர். அவருக்காக மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைத் தட்டிக்கொட்டி உருவாக்கினார் கிரீவ்ஸ். புல் வெட்டும் மெஷினைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. வண்டி ஓடியது. 'இது நமக்கு மட்டும் ஏன்?' என்று இருவரும் சேர்ந்து கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். வண்டியின் பெயர் இன்வாகார்.

1948இல் பிரிட்டனில் தேசிய மருத்துவ சேவை தொடங்கியது. கண்ணாடி, பல் செட், செயற்கைக் கால் போல இந்த மூன்று சக்கர வண்டியும் அரசாங்கம் இலவசமாகத் தரும் பொருள்களில் ஒன்றானது. இன்வாகார் மட்டுமல்ல, வேறு சில கம்பெனிகளும் செய்து கொடுத்தன. பின்னாளில் வந்தவற்றுக்கு ஃபைபர் உடம்பு, வெளிர் நீலப் பெயின்ட். தெருவில் பார்த்தவுடன் தெரிந்துவிடும், உள்ளே இருப்பவர் யாரென்று.

இலவச வண்டி, பராமரிப்பும் அரசாங்கச் செலவு. இதில் என்ன குறை என்கிறீர்களா?

ஒரே ஒரு இருக்கை. அதுதான் குறை.

மனைவியை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடக்கூடாது. நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வண்டிக்காரருக்குக் கால் கிடையாது, தள்ள இன்னொருவர் கூட வரவும் சட்டம் விடாது. பலத்த காற்றடித்தால் வண்டி ஆட்டம் காணும். மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளுக்குள் நுழைய அனுமதியில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வண்டி அவருடையதே அல்ல, அரசாங்கத்தின் சொத்து.

இதில் இன்னொரு பாகுபாடும் இருந்தது. போரில் இரண்டு கால்களையும் இழந்தவர்களுக்கு அரசாங்கம் சின்னக் கார் கொடுத்தது. நாலு பேர் உட்காரலாம். போலியோவில் கால் போனவருக்கோ, சுரங்கத்தில் முதுகு உடைந்தவருக்கோ பொதுவாக அந்த ஒற்றை இருக்கை வண்டிதான். போனது கால்தான். எங்கே போனது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறியது!

இங்கேதான் ஆல்ஃப் மாரிஸ் வருகிறார். மான்செஸ்டர் தொகுதி ஒன்றின் லேபர் கட்சி எம்.பி. அவருடைய அப்பா முதல் உலகப் போரில் கடுமையாகக் காயம்பட்டுத் திரும்பியவர். ஊனம் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்பது மாரிஸுக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரியவேண்டிய விஷயமல்ல. அரசாங்கம் சாராத உறுப்பினர்கள் மசோதா கொண்டுவர அங்கே குலுக்கல் நடக்கும். 1969இல் மாரிஸுக்கு முதல் சீட்டு விழுந்தது. மறு வருஷமே ஊனமுற்றோருக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றிக் காட்டிவிட்டார். இன்று பல நாடுகளில் பார்க்கிற மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டைக்கு பிரிட்டனில் வழி செய்தது அந்த 1970ஆம் வருஷத்துச் சட்டம்தான். 1974இல் அவர் அமைச்சரானார். ஊனமுற்றோருக்கென்றே ஓர் அமைச்சர் என்பது உலகத்திலேயே அதுதான் முதல் முறை.

மாரிஸ் காலத்தில் பாதை மாறியது. வண்டி வேண்டாம், பணமாகவே கொடுத்துவிடுவோம் என்றார்கள். 1976இல் நடமாட்டப் படி வந்தது. வாரத்துக்கு 5 பவுண்ட். ஓட்டத் தெரியாதவருக்கும் உண்டு. அதுவரை ஓட்டத் தெரிந்தால்தான் வண்டி, தெரியாதவர் வீட்டிலேயே கிட என்றல்லவா இருந்தது? அந்த விதத்தில் பெரிய முன்னேற்றம். அதே வருஷம் நீல வண்டித் திட்டத்தைப் படிப்படியாக மூடப்போவதாகவும் அறிவித்தார்கள்.

இப்போது காமர்ஸ் படித்தவன் மூளை கொஞ்சம் குறுகுறுக்கிறது. வாரம் 5 பவுண்ட் என்றால் வருஷத்துக்கு 260. அன்றைக்கு ஒரு புது மினி கார் ஆயிரம் பவுண்டுக்கு மேல். எப்படி வாங்குவது? அதைவிட வேடிக்கை, அந்த 260க்கும் வருமான வரி உண்டு! கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக வந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிற வேலை.

இந்தக் கணக்கை நேர் செய்ய இருவர் வந்தார்கள். ஒருவர் வக்கீல், குட்மேன் பிரபு. இன்னொருவர் தொழிலதிபர் ஜெஃப்ரி ஸ்டெர்லிங். 1977இல் அவர்கள் உருவாக்கிய அமைப்பு மோட்டபிலிட்டி. யோசனை ரொம்ப எளிமை. படியை நீங்கள் வாங்காதீர்கள், எங்களுக்குத் திருப்பிவிடுங்கள். அரசாங்கம் வாராவாரம் தரும் பணம் என்பதால் வங்கிகள் தைரியமாகக் கடன் கொடுக்கும். அந்தக் கடனில் கார் வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருகிறோம். 1978இல் முதல் கார் சாவியைக் கொடுத்தவர் எலிசபெத் ராணி.

திட்டம் பிடித்து நின்றதற்கு வரிதான் பெரிய காரணம். 1982இல் படிக்கு வருமான வரி விலக்கு. 1984இல் கார் வாடகைக்கு 'வாட்' கிடையாது என்றார்கள். அன்றைய வாட் 15 சதவீதம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். ஒரு பொருளுக்கு வெறுமனே வரி விலக்கு என்றால், விற்பவர் தான் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அதைச் சத்தமில்லாமல் விலையில் சேர்த்துவிடுவார். 'பூஜ்ய சதவீத வரி' என்றால் கதை வேறு. உங்களிடம் வாங்கும் வரி பூஜ்யம், விற்பவர் ஏற்கெனவே கட்டியதும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான கார் வாடகை பிரிட்டனில் இந்த இரண்டாவது வகை. சலுகை நடுவழியில் கரையாமல் கடைசி மனிதர் கைக்கு வந்து சேர இதுதான் வழி.

நீல வண்டிகள் 2003 மார்ச் 31ஆம் தேதியோடு பிரிட்டன் சாலைகளிலிருந்து விடைபெற்றன. மோட்டபிலிட்டியிலோ இன்று 8 லட்சம் பேருக்கு மேல். வளர்ந்தால் கண்படாமல் இருக்குமா? 'வரிப்பணத்தில் சொகுசுக் காரா?' என்று கூச்சல் கிளம்பியது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சலுகையில் கை வைத்தார். விலை உயர்ந்த காருக்காகப் பயனாளி கையிலிருந்து கூடுதலாகக் கட்டும் தொகைக்கு 2026 ஜூலை முதல் வாட் உண்டு என்பது அறிவிப்பு. அது நியாயமா இல்லையா என்று அங்கே சண்டை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பிரிட்டிஷ் சட்டம் நமக்கு விட்டுப்போன சொத்துகளில் 'இன்வாலிட் கேரேஜ்' என்ற சொல்லும் ஒன்று. நமது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது இருந்தது. அதற்கு எழுதிய விளக்கத்தைப் பாருங்கள்: ஊனமுற்றவருக்காகவே வடிவமைத்துச் செய்த வண்டியாக இருக்க வேண்டும், சாதாரண வண்டியை மாற்றி அமைத்தது மட்டும் என்றால் போதாது! ஆனால், நம் தெருவில் ஓடுவது என்ன? சாதாரண ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் சைடு வீல் பொருத்தியதுதானே? தெருவில் இருந்ததைச் சட்டம் பார்க்க 2019 வரை ஆயிற்று. அந்த வருஷத் திருத்தத்தில்தான் பழைய சொல் போய், மாற்றி அமைத்த வண்டியையும் சேர்த்துக்கொள்ளும் புதுச் சொல் வந்தது.

கார் விஷயத்தில் ஜி.எஸ்.டி. ஒரு சலுகை தந்திருந்தது. கை கால் இயக்கத்தில் 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர், மத்திய கனரகத் தொழில் துறையின் சான்றிதழ் வாங்கினால், சின்னக் காருக்கு 28க்குப் பதில் 18 சதவீதம் கட்டினால் போதும். செஸ்ஸும் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு விற்கக்கூடாது. வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் வாங்கும் மற்றவர் 28 சதவீதமும் 1 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,45,000 ரூபாய் வரி கட்டுவார். இவர் கட்டுவது 90,000. மிச்சம் 55,000 ரூபாய். கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலரேட்டர் பொருத்துகிற செலவுக்கு அது தோள் கொடுத்தது.

2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களின் வரி எல்லோருக்குமே 18 சதவீதமாகக் குறைந்தது. ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை போடுங்கள். மற்றவர் கட்டுவது 90,000. மாற்றுத்திறனாளி கட்டுவதும் 90,000. வித்தியாசம் பூஜ்யம். யாரும் சலுகையை எதிர்த்துப் பேசவில்லை, ஒரு ரூபாய் கூட்டவில்லை. அது பாட்டுக்குக் காணாமல் போய்விட்டது.

எல்லோருக்கும் சமமாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். நமக்குக் கார் இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, இரண்டு கால் இருக்கிறது. உயரமான பஸ் படி ஏற முடியாதவருக்கு அந்தக் கார்தான் பஸ், அதுதான் ரயில், அதுதான் கால். காரை வாங்கிய பிறகு, அதைத் தன் உடம்புக்கு ஏற்ப மாற்றும் செலவும் அவர் தலையில்தான். நமக்கு அந்தச் செலவு கிடையாது. அந்த அதிகப்படிச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டத்தான் வரிச் சலுகை. தர்மம் போடுகிற கணக்கில் அதை எழுதினால் கை தானாகவே இழுத்துக்கொள்ளும். பிரிட்டன் ஒற்றை இருக்கை வண்டியைக் கொடுத்துவிட்டு, இது போதாதா என்று இருபது முப்பது வருஷம் திருப்தியாக இருந்ததும் அதனால்தான்.

நாம் 18 சதவீதத்தோடு எத்தனை வருஷம் திருப்தியாக இருக்கப்போகிறோம்?