யப்பானிய அனிமேயும் அதன் இறுவட்டுப் பதிப்புகளும்: மூலபாட நோக்கில் ஓர் ஆய்வு

மியசாக்கி ஹயாஓ நெறிப்படுத்திய 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா' என்னும் சித்திரப்படம் 1984ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானில் திரையிடப்பட்டபோது அதன் நீளம் 117 நிமிடங்கள். மறு ஆண்டில் அதே படம் 'காற்றின் வீரர்கள்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அப்பொழுது அதன் நீளம் ஏறத்தாழ 95 நிமிடங்களாகக் குறைந்திருந்தது. கதைத்தலைவியின் பெயரும் சாண்ட்ரா என மாறிற்று. நச்சுக்காட்டையும் அதில் வாழும் பெரும் பூச்சிகளையும் பகையெனக் கொள்ளாது விளங்கிக்கொள்ள முயலும் ஓர் இளம்பெண்ணின் கதை, வீரரும் அரக்கப் பூச்சிகளும் பொருதும் சாகசக் கதையாக உருமாற்றம் பெற்றது. இதன் கசப்பான அனுபவம் மறக்கப்படவில்லை. 1996இல் ஜிப்லி நிறுவனத்தின் படங்களை உலகெங்கும் விநியோகிக்க டிஸ்னி நிறுவனத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டபோது, படங்களில் வெட்டுதல் கூடாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் 'நௌசிக்கா' முழுமையான வடிவில் டிவிடி இறுவட்டாக வெளிவர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட இருபதாண்டுக் காலத்தில் அந்நாட்டில் அப்படத்தை அறிந்தவருட் பலர் அறிந்தது அந்த 95 நிமிடத்தையே.

அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும், இணையவழியாகப் பார்க்கும் வசதி பரவுவதற்கு முன்னர், பிறநாட்டு ஆர்வலரைப் பெரும்பாலும் இறக்குமதி இறுவட்டுத் தொகுதிகளாகவே வந்தடைந்தன. சேகரிப்போர் பேணிவருபவையும் அவையே. இத்தொகுதிகளின் தரத்தை மதிப்பிடுவோர் படம் கூர்மையாக உள்ளதா, நிறம் பளிச்சிடுகின்றதா, பெட்டி அழகாக உள்ளதா என்பனவற்றையே முதலில் நோக்குவர். இவை பொருளற்ற வினாக்கள் அல்ல. ஆனால் இவற்றுக்கு முன்னர் எழவேண்டிய வினா ஒன்றுண்டு: இது எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது, யார் கை இதிற் பட்டது? ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் வழியிற் பயின்றோருக்கு இவ்வினா புதியதன்று. அச்சு அழகாக இருப்பதனால் பாடம் திருத்தமானதாகிவிடாது. இறுவட்டும் ஒரு பதிப்பே. அதிலும் பாடபேதமும் இடைச்செருகலும் சிதைவும் உண்டு.

இவ்வேறுபாடுகள் தோன்றிய வரலாறு தொலைக்காட்சி வணிகத்துடன் பின்னிப்பிணைந்தது. தெசுக்கா ஒசாமுவின் முஷி நிறுவனம் தயாரித்த 'தெத்சுவான் அத்தோமு' 1963 சனவரி முதலாந் திகதி பூஜி தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. அதே ஆண்டிலேயே 'அஸ்ட்ரோ போய்' என்னும் பெயரில் அது அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றது. யப்பானில் ஒளிபரப்பானவை 193 அங்கங்கள். ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டவை 104 மட்டுமே. ஆங்கில வடிவத்தை உருவாக்கிய பிரெட் லாட், சிறுவர் நிகழ்ச்சிக்கு ஒவ்வாதவை எனக் கருதப்பட்ட காட்சிகளை நீக்கியும் உரையாடலை மாற்றியும் அமைத்தார். அவர்மீது மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. அன்றைய அமெரிக்க வர்த்தகர்க்குச் சித்திரப்படம் என்பது சிறுவர்க்கான பண்டம். அது எந்நாட்டிற் பிறந்தது என்பது மறைக்கப்படுவதே விற்பனைக்கு உகந்தது என அவர்கள் எண்ணினர்.

தத்சுனோக்கோ நிறுவனத்தின் 'கச்சமான்' (1972-1974) அடைந்த கதி இன்னும் விபரீதமானது. 105 அங்கங்கள் கொண்ட அத்தொடர் 1978இல் 'கிரகங்களின் போர்' என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரில் 85 அங்கங்களாக வெளிவந்தது. முந்திய ஆண்டில் 'ஸ்டார் வோர்ஸ்' பெற்ற பெருவெற்றியின் காற்றிலே பயன்பெறும் நோக்குடன், பூமியில் நிகழும் கதை விண்வெளிக்குப் பெயர்க்கப்பட்டது. மரணங்களும் வன்முறையும் நீக்கப்பட்டன. அவற்றால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப, மூலத்தில் இல்லாத ஓர் இயந்திரப் பாத்திரம் அமெரிக்காவிலேயே வரையப்பட்டுச் செருகப்பட்டது. இடைச்செருகல் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. 1985இல் வெளிவந்த 'ரோபோடெக்' இன்னொரு வகையானது. வாரநாட்களில் நாள்தோறும் ஒளிபரப்புவதற்குக் குறைந்தது 65 அங்கங்கள் தேவை என்பது அமெரிக்க நிலையங்களின் வழக்கம். 'மக்ரோஸ்' தொடரில் 36 அங்கங்களே இருந்தன. எனவே கார்ல் மேசெக், அதனோடு எவ்விதத் தொடர்புமற்ற 'சதேர்ன் குரொஸ்', 'மொஸ்பியாடா' ஆகிய 23, 25 அங்கத் தொடர்களையும் இணைத்தார். இணைப்புக்கென ஆக்கப்பட்ட ஓர் அங்கத்தையும் சேர்த்து 85 அங்கங்களில் மூன்று தலைமுறைக் கதையொன்று உருவாயிற்று. 'ரோபோடெக்' தன்னளவில் சுவையான தொடரே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதனை 'மக்ரோஸ்' எனக் கொள்ளல் ஆகாது.

மூலத்தைத் தேடும் முயற்சி ஆர்வலரிடமிருந்தே தொடங்கிற்று. 1977இல் லொஸ் ஏஞ்சலிசில் அமெரிக்க அனிமே ஆர்வலரின் முன்னோடிக் கழகம் அமைக்கப்பட்டது. யப்பானும் ஐக்கிய அமெரிக்காவும் என்.ரி.எஸ்.சி. என்னும் ஒரே ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியமை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. யப்பானிற் பதிவுசெய்யப்பட்ட ஒளிநாடாவை அவர்கள் மாற்றமேதுமின்றித் தம் வீட்டிலேயே பார்க்க முடிந்தது. பிரதியிலிருந்து பிரதியெடுக்க எடுக்கப் படம் மங்கிற்று, நிறம் கரைந்தது. அவ்வாறு மங்கிய நாடாவே முழுமையான பாடத்தைக் காத்தது என்பதும், தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்ததே சிதைந்த பாடம் என்பதும் சிந்தனைக்குரியன.

1996 நவம்பரில் யப்பானிலும் 1997இல் ஐக்கிய அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தது. ஒரே வட்டில் பல மொழிக் குரல்களையும் உபதலைப்புகளையும் அடக்க முடிந்தமை, மூலக்குரலையும் மொழிமாற்றுக் குரலையும் பற்றிய பழைய பூசலைத் தணித்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிரகங்களின் போர்' அங்கங்களும் அவற்றுக்கு நேரான 'கச்சமான்' அங்கங்களும் ஒரே வட்டில் இடம்பெற்றன. ஆய்வாளருக்கு இது பெரும்பேறு. வெட்டியது எது, ஒட்டியது எது என்பதை எதிரெதிரே வைத்துக் காணலாம்.

ஆனால் டிவிடி புதிய தடைகளையும் கொண்டுவந்தது. உலகம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா முதலாம் வலயம். யப்பான் இரண்டாம் வலயம். இலங்கை உள்ளிட்ட தென்னாசியா ஐந்தாம் வலயம். ஒளிபரப்பு முறையும் வேறுபட்டது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் வழங்கிய பால் முறையோ 25 சட்டகங்கள் கொண்டது. ஆகவே பால் இறுவட்டுகளிற் படம் நூற்றுக்கு நான்கு வீதம் விரைவாக ஓடும். குரலும் சிறிது உயரும். 117 நிமிட 'நௌசிக்கா' இவ்வகை வட்டிலே 112 நிமிடமாகத் தோன்றும். உறையிற் காணப்படும் நிமிடக் கணக்கை மட்டும் வைத்து அதனை வெட்டப்பட்ட பதிப்பெனத் தள்ளுவது தவறு. 95 நிமிடம் சிதைவு. 112 நிமிடம் வேகம். இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் மதிப்பிடுவோனுக்கு இன்றியமையாதது. உண்மையான குறை வேறொன்று: யப்பானிய முறையில் அமைந்த ஒளிநாடாவை அப்படியே பால் முறைக்கு மாற்றும்போது அடுத்தடுத்த சட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. வேகமான காட்சியொன்றை நிறுத்திப் பார்த்தால் ஒரே கை இரண்டாகத் தெரியும்.

கள்ளப் பதிப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈரடுக்கு வட்டொன்றின் கொள்ளளவு 8.5 கிகாபைற்றுகளே. நான்கைந்து அரைமணி அங்கங்களுக்குப் போதுமான இடத்தில் பத்துக்கு மேற்பட்டவற்றைத் திணித்தால், அசைவு மிகுந்த காட்சிகள் சதுரச் சதுரமாக உடைந்துபோவது இயல்பே. யப்பானியத்திலிருந்து சீனத்துக்கும் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட்ட உபதலைப்புகளிற் பாத்திரங்களின் பெயர்கள்கூடத் தப்புவதில்லை. ஆனால் உரிமம் பெற்ற தொகுதிகளிலும் மறைவான குறையொன்று உண்டு. சில வெளியீடுகள் மூலக்குரலுக்கு உபதலைப்பு வழங்குவதாகக் கூறிவிட்டு, ஆங்கிலக் குரலுக்கென எழுதப்பட்ட உரையாடலையே எழுத்தில் இட்டன. பாத்திரம் மௌனமாக நிற்கும் இடத்தில் உபதலைப்பு பேசுமாயின் ஐயுறல் வேண்டும். தொடக்கப் பாடலில் வரும் யப்பானிய எழுத்துகளை அழித்து ஆங்கில எழுத்துகளை மட்டும் இட்ட பதிப்புகளும் உள. வரலாற்று மாணவனுக்கு இது சிறுகுறையன்று. ஓவியர், பின்னணி வரைந்தோர் ஆகியோரின் பெயர்கள் அங்கேயே பதிவாகியுள்ளன.

கூர்மையே தரம் என்னும் மயக்கம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு 'ட்ராகன் போல் இசட்' தக்க சான்று. 1989 முதல் 1996 வரை 291 அங்கங்களாக ஒளிபரப்பான இத்தொடர் 16 மில்லிமீற்றர் படச்சுருளிற் பிடிக்கப்பட்டது. அக்காலத் தொலைக்காட்சிக்கேற்ப நாலுக்கு மூன்று என்ற அளவுடைய சட்டகத்தில் அமைந்தது. 2007 தொடக்கம் அமெரிக்காவில் வெளிவந்த தொகுதிகள், புதிய அகலத் திரைகளை நிரப்பும்பொருட்டு, மேலும் கீழுமாகச் சட்டகத்தின் உயரத்தில் ஏறக்குறைய காற்பங்கை வெட்டின. பக்கங்களிற் சிறிது கூடுதலாகக் கிடைத்ததாயினும், தலை நெற்றியோடு நின்றுவிடும் முகங்களை அது ஈடுசெய்யவில்லை. அதனோடு படச்சுருளுக்கு இயல்பான மணித்தன்மையும் துடைக்கப்பட்டது. துடைக்கும் கணினி முறை ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் சிறு புள்ளியை அழுக்கெனக் கொள்ளும். கையால் வரைந்த மெல்லிய கோடும் அவ்வாறே மாறுவது. எனவே அதுவும் அழுக்கோடு அழுக்காகப் போய்விடும். தெசுக்காவின் காலந்தொட்டே தொலைக்காட்சி அனிமே சிக்கனமானது. ஒரு சித்திரத்தையே மூன்று சட்டகங்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். சில வேளைகளில் அசையாத முகமொன்று பல வினாடிகள் நிற்கும். அசைவு குறைந்த கலையிற் கோடே பேசும். கோட்டை அழித்துவிட்டுப் படம் தெளிந்தது என்பது வியப்புக்குரிய வாதம். இத்தொகுதிகள் பளபளப்பானவை, கடைகளிலும் நன்கு விற்பனையாயின. அதே தொடருக்கு 2003இல் யப்பானில் வெளியிடப்பட்ட விலையுயர்ந்த 'ட்ராகன் பொக்ஸ்' பதிப்போ முழுச் சட்டகத்தையும் மணித்தன்மையையும் பேணியிருந்தது. 2009இல்தான் அது அமெரிக்காவை அடைந்தது.

இதனைக் கொண்டு, யப்பானியப் பதிப்பே என்றும் பிரமாணம் என முடிவுகட்டுவோரும் உளர். அம்முடிவும் நிலைக்காது. மியசாக்கியின் 'சென்னும் சிஹிரோவும்' என்ற 2001ஆம் ஆண்டுப் படம், ஆங்கிலத்தில் 'ஸ்பிரிட்டட் அவே' என வழங்குவது. 2002இல் யப்பானிலேயே அது டிவிடியாக வெளிவந்தபோது படம் முழுவதும் செம்மை படிந்திருந்தது. திரையரங்கிற் கண்ட நிறம் இதுவன்று எனக் கொள்வனவு செய்தோர் முறையிட்டனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. முறையிட்டோர் ஒப்புநோக்கியது தம் நினைவையும் திரையரங்க முன்னோட்டக் காட்சிகளையுமே. வெண்மேகமும் வெண்சுவரும் சிவந்து தோன்றுவதை அவர்கள் சுட்டிக்காட்டினர். 2014இல் புளூ-ரே இறுவட்டு வெளிவந்தபோதே அச்செம்மை நீங்கிற்று. அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள் யப்பானிய இல்லங்களிற் சிஹிரோ கடந்துசென்ற வானம் சிவப்பேறிய வானமாகவே இருந்தது.